ரிசர்வ் டேங்கை மாற்றும் முன்: கூலன்ட் எங்கே போகிறது, எப்படித் திரும்புகிறது

காரின் பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் பழுப்பேறிய வெள்ளை பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கும். அதுதான் ரிசர்வ் டேங்க். அதில் பச்சையாகவோ சிவப்பாகவோ கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், பாதியளவு நிற்கும். டப்பா விரிசல் விட்டுவிட்டது, பார்க்க நன்றாக இல்லை, பழைய வண்டியில் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று பலரும் இதை மாற்றவோ புதிதாகப் பொருத்தவோ இறங்குகிறார்கள். பளபளக்கும் அலுமினிய டேங்குகளும் கடைகளில் கிடைக்கின்றன. ஒரு டப்பா, ஒரு குழாய், இதில் என்ன இருக்கிறது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அதுவரை ஒழுங்காக ஓடிய வண்டி டேங்கை மாற்றிய பிறகு ஹீட் ஆகத் தொடங்கினால், காரணம் பெரும்பாலும் அந்த எண்ணத்தில்தான் இருக்கும்.

அந்த டப்பா தனியாக எந்த வேலையும் செய்வதில்லை. ரேடியேட்டர் மூடியும் இடையில் உள்ள மெல்லிய குழாயும் அதுவும் சேர்ந்துதான் ஒரு கருவி. மூன்றில் ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும். இது புரிய, கூலன்ட் வண்டிக்குள் என்ன செய்கிறது என்பதிலிருந்து வருவோம்.

பெட்ரோலோ டீசலோ எரியும்போது வரும் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் இன்ஜினைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே வெளியே போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி இன்ஜினின் உலோகத்தில் ஏறுகிறது. அதை அங்கிருந்து எடுத்து வந்து காற்றில் விடுவதுதான் கூலன்டின் வேலை. வாட்டர் பம்ப் அதை சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்குள் தள்ளும், அங்கிருந்து அதன் மேல் மூடியாக உட்காரும் சிலிண்டர் ஹெட்டுக்கு ஏறும், சூட்டைப் பொறுத்துத் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்திருந்தால் ரேடியேட்டருக்குப் போகும், அங்கே ஆறி மறுபடி பம்புக்கு வரும். ரிசர்வ் டேங்க் இந்தச் சுற்றில் இல்லை. அது ஓரமாக நிற்கிறது. அப்புறம் எதற்கு அது?

இரண்டு காரணங்கள். முதலாவது, தண்ணீர் சூடானால் விரியும். 6 லிட்டர் தண்ணீர் கொள்ளும் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். காலையில் 30 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 95 டிகிரிக்கு ஏறும்போது அதன் கன அளவு சுமார் 200 மில்லி கூடிவிடும். கிளைக்கால் என்ற ரசாயனம் கலந்த கூலன்ட் இன்னும் கொஞ்சம் அதிகம் விரியும், கால் லிட்டர் என்றே வைத்துக்கொள்ளலாம். ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பி மூடியிருந்தால் இந்தக் கால் லிட்டர் எங்காவது போயாக வேண்டும். இன்ஜின் ஆறும்போது அதே கால் லிட்டர் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அந்த இடத்தைக் காற்று நிரப்பும்.

இரண்டாவது காரணம் அழுத்தம். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். இன்ஜின் சாதாரணமாகவே 90 டிகிரிக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது. ஹெட்டுக்குள் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள உலோகமோ அதைவிட வெகு சூடு. அங்கே கூலன்ட் கொதித்து நீராவிக் குமிழியானால் அந்த இடத்தில் உலோகத்தைத் தொட்டுச் சூட்டை வாங்க ஆளில்லை. ஹெட் வளைவதும், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள கேஸ்கெட் போவதும் அப்படித்தான் தொடங்குகின்றன. அதனால் முழு அமைப்பையும் மூடி, அழுத்தத்தில் வைக்கிறார்கள். 0.9 பார் (அழுத்தத்தின் அலகு) என்று மூடியில் அச்சிட்டிருந்தால், சமவெளியில் உள்ளே வெறும் தண்ணீரே இருந்தாலும் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது.

மலையேறும்போது இதன் அருமை தெரியும். ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதாவது மூடி சரியில்லாத வண்டியில், இன்ஜின் வழக்கமாக ஓடும் சூட்டிலேயே கூலன்ட் கொதிக்கத் தயாராக நிற்கிறது. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகளை முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஏறும்போது இன்ஜினுக்கு உழைப்பு அதிகம், எதிர்க்காற்று குறைவு. அந்த இடத்தில் வண்டியைக் காப்பாற்றுவதில் பெரிய ரேடியேட்டரைப் போலவே நல்ல மூடிக்கும் பங்கு உண்டு.

மூடிக்குள் இரண்டு வால்வுகள்

ரேடியேட்டர் மூடியை, இன்ஜின் முழுக்க ஆறியபின், கழற்றித் திருப்பிப் பாருங்கள். பெரிய ஸ்பிரிங் ஒன்று இருக்கும், அதன் அடியில் ஒரு ரப்பர் வளையம். இது அழுத்த வால்வு. உள்ளே அழுத்தம் குறித்த அளவைத் தாண்டியதும் ஸ்பிரிங் அமுங்கி வால்வு மேலே எழும், கூலன்ட் கழுத்தின் பக்கவாட்டில் உள்ள சிறு குழாய் வழியே டப்பாவுக்குப் போகும். ரப்பர் வளையத்தின் நடுவில் சின்னதாக ஒரு பித்தளை வில்லை தொங்கும். அதுதான் உறிஞ்சும் வால்வு. இன்ஜின் ஆறி, கூலன்ட் சுருங்கி, உள்ளே வெற்றிடம் உண்டாகும்போது இந்த வில்லை கீழ்நோக்கித் திறந்து, போன கூலன்டை டப்பாவிலிருந்து திரும்ப இழுத்துக்கொள்ளும்.

இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பலர் தவறவிடுவதும் இதைத்தான். மூடியின் மேல்தட்டுக்கு அடியில், கழுத்தின் வெளி விளிம்பில் உட்காரும் இன்னொரு ரப்பர் வளையம் இருக்க வேண்டும். கூலன்ட் வெளியே போகும்போது இந்த மேல் வளையம் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. திரும்ப இழுக்கும்போதுதான் அது வேலை செய்கிறது. விரிசல் விட்ட ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சினால் வாயில் காற்றுதான் வரும், அதே கதைதான் இங்கேயும். மேல் வளையம் இல்லையென்றால் வெற்றிடம் டப்பாவிலிருந்து கூலன்டை இழுப்பதற்குப் பதில் மூடியின் ஓரத்திலிருந்து காற்றை இழுக்கும். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் கொஞ்சம் கூலன்ட் வெளியே, கொஞ்சம் காற்று உள்ளே. டப்பா நிரம்பிக்கொண்டே வரும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே போகும். டப்பாவை மட்டும் பார்ப்பவர் "கூலன்ட் ஃபுல்லா இருக்கே" என்று நிம்மதியாக இருப்பார்.

டேங்குகளில் இரண்டு சாதி

மாற்றம் செய்ய இறங்கும் முன் உங்கள் வண்டியில் இருப்பது எது என்று தெரிந்தாக வேண்டும். மாருதி 800, இன்னோவா போன்ற வண்டிகளில் ரேடியேட்டரின் தலையில் அழுத்த மூடி இருக்கும், பக்கத்தில் ரிசர்வ் டேங்க் தனியாக நிற்கும். இந்த டேங்கில் அழுத்தம் கிடையாது. அதன் மூடி வெறுமனே அமுக்கி வைப்பது, காற்றுப் போய்வர வழி உண்டு. இன்ஜின் ஆறியபோது குறைந்தபட்சக் கோட்டுக்கு மேல் இருந்தால் போதும்.

ஃபோக்ஸ்வேகன் போலோ, ஃபோர்டு எக்கோஸ்போர்ட் போன்றவற்றில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது. தடித்த பிளாஸ்டிக்கில் செய்த டேங்கின் மேலேயே திருகு மூடி இருக்கும், அதில்தான் அழுத்த வால்வு. இதை விரிவு டேங்க் என்று சொல்லலாம். இது சுற்றோட்டத்தின் ஒரு பகுதி. மெல்லிய குழாய் ஒன்று ரேடியேட்டரின் அல்லது ஹெட்டின் உயரமான இடத்திலிருந்து காற்றுக் குமிழிகளோடு கூலன்டைக் கொண்டுவந்து இதில் விடும். குமிழி மேலே நின்றுவிடும், சுத்தமான கூலன்ட் அடியிலுள்ள பெரிய குழாய் வழியே பம்பின் உறிஞ்சும் பக்கத்துக்குப் போகும். இந்த டேங்க் விரிசல் விட்டால் முழு அமைப்பும் அழுத்தத்தை இழக்கும். எம்-சீல் பூசி ஓட்டும் வேலை இதில் கூடவே கூடாது. ரிசர்வ் டப்பாவில் விரிசல் என்றால் சொட்டும், இதில் விரிசல் என்றால் சூடாக இருக்கும்போது பீய்ச்சி அடிக்கும்.

அம்பாசடரில் ஒரு டப்பா பொருத்துவது

மாற்றத்துக்கு நல்ல உதாரணம் பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் கொண்ட பழைய அம்பாசடர். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வடிவமைப்பில் ரிசர்வ் டேங்க் கிடையாது. ரேடியேட்டர் கழுத்திலிருந்து ஒரு குழாய் இறங்கித் தரையைப் பார்த்து நிற்கும். விரிந்த தண்ணீர் ரோட்டில் சொட்டிப் போய்விடும். அதனால் ரேடியேட்டரின் மேல்தொட்டியில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் நிரப்புவார்கள், அந்தக் காலியிடமே விரிவுக்கான அறை. நீண்ட பயணத்தில் இறங்கி இறங்கித் தண்ணீர் ஊற்றும் வழக்கம் அங்கிருந்து வந்ததுதான். வெறும் தண்ணீர் ஊற்றிய காலத்தில் இதில் பெரிய நஷ்டம் இல்லை. விலை கொடுத்து வாங்கும் கூலன்டை ஊற்றினால் அது ரோட்டில் போவது நஷ்டம்தான், ரோட்டுக்கும் கேடு. இத்தனைக்கும் 1961-இல் வந்த ரெனோ 4, மூடிய குளிர்விப்பு அமைப்போடு, அடிக்கடி தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத கார் என்றே விற்பனைக்கு வந்தது.

இதற்கு ரிசர்வ் டப்பா பொருத்துவது எளிய, பயனுள்ள மாற்றம். என் பார்வையில், பழைய வண்டி வைத்திருப்பவர்கள் குளிர்விப்பில் முதலில் செய்ய வேண்டிய வேலையும் இதுதான். ஒரு லிட்டர் அளவுள்ள டப்பா போதும். சூடானால் வரும் கால் லிட்டருக்கு இடம், அதற்கும் கீழே எப்போதும் குழாயின் முனை மூழ்கியிருக்க ஒரு இருப்பு, மேலே கொஞ்சம் காலியிடம். குளிர்பான பாட்டிலைக் கட்டி வைப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். அந்த பெட் பிளாஸ்டிக் 70, 80 டிகிரியிலேயே இளகிச் சுருங்கிவிடும், மூடி திறந்து வரும் கூலன்ட் அதைவிடச் சூடு. வேறு காரின் ரிசர்வ் டப்பாவைப் பழைய உதிரிபாகக் கடையில் வாங்குவது மலிவு, பாதுகாப்பும் கூட.

குழாய் டப்பாவின் அடிவரை இறங்க வேண்டும். மேலே நின்றால் உள்ளே இழுப்பது காற்றைத்தான். குழாயின் இரு முனையிலும் கிளிப் போட்டு இறுக்க வேண்டும். அழுத்தமில்லாத குழாய்க்குக் கிளிப் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு, உறிஞ்சும்போது அங்கே காற்று நுழையாமலிருக்கத்தான். டப்பாவின் மூடியில் சிறு துளை இருக்க வேண்டும், அதை அடைத்துவிட்டால் கூலன்ட் போகவும் முடியாது, வரவும் முடியாது. எரிந்த வாயு வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் வைக்காமல், ரேடியேட்டர் கழுத்தின் உயரத்துக்கு அருகில், ஃபேனில் குழாய் சிக்காத இடமாகப் பார்த்து வையுங்கள்.

அடுத்து மூடி. பழைய மூடியில் அந்த மேல் வளையம் பெரும்பாலும் இருக்காது, தரையில் சொட்டவிடும் அமைப்புக்கு அது தேவைப்படவில்லை. மேல் வளையமும் உறிஞ்சும் வால்வும் உள்ள மூடியை, அதே அழுத்த அளவில், அதே கழுத்து ஆழத்துக்குப் பொருந்துவதாக வாங்க வேண்டும். ஆழம் ஒத்துப்போகாவிட்டால் மூடி இறுகியது போல் இருக்கும், அடி வளையம் உட்கார்ந்திருக்காது. அந்தத் தலைமுறை வண்டிகளில் 4, 7 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் இன்னொரு அலகு) மூடிகள் சகஜம். இன்றைய வண்டிகளின் 13, 16 பி.எஸ்.ஐ. மூடியை எடுத்து மாட்டினால் கொதிநிலை உயரும் என்பது உண்மை. அந்த அழுத்தம் பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்று, ஹீட்டர் குழாய், பம்பின் சீல் எல்லாவற்றின் மீதும் ஏறும் என்பதும் உண்மை. எங்கே பலவீனமோ அங்கே பிய்த்துக்கொள்ளும். ரேடியேட்டரைப் புதிதாகச் செய்யாமல் மூடியை மட்டும் ஏற்றாதீர்கள்.

இதெல்லாம் முடிந்தால் இனி ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பலாம். மேல்தொட்டியில் காற்று நிற்காததால் தண்ணீர் நுரைப்பதும் உள்ளே துருப்பிடிப்பதும் குறையும்.

விரிவு டேங்குக்கு மாறுவது

இன்னும் ஒரு படி போய், ரேடியேட்டர் மூடியை எடுத்துவிட்டு அழுத்தம் தாங்கும் விரிவு டேங்க் வைப்பவர்களும் இருக்கிறார்கள். இன்ஜின் மாற்றிய வண்டிகளில், ரேடியேட்டரைவிட ஹெட் உயரமாக உட்கார்ந்துவிட்டால், இது கிட்டத்தட்டக் கட்டாயம். காற்று எப்போதும் உயரமான இடத்தில்தான் போய் நிற்கும், அது ஹெட்டாக இருந்தால் ஆபத்து. விரிவு டேங்கின் கூலன்ட் மட்டம் மொத்த அமைப்பிலும் உயரமாக இருக்கும்படி வைத்தால் காற்று அங்கே வந்துசேரும்.

இங்கே இரண்டு இணைப்புகள், இரண்டும் வேறு அளவு. மேலிருந்து வரும் காற்றுக் குழாய் மெல்லியதாக, 5, 6 மில்லிமீட்டர் துளையோடு இருந்தால் போதும். பெரிதாக வைத்தால் சூடான கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் டேங்க் வழியே குறுக்கே ஓடிவிடும். அடியிலிருந்து பம்பின் உறிஞ்சும் பக்கத்துக்குப் போகும் குழாய் விரல் பருமனாவது இருக்க வேண்டும், பல வண்டிகளில் ஹீட்டரிலிருந்து திரும்பும் குழாயில் டி வடிவ இணைப்பு போட்டு இணைப்பார்கள். பழைய ரேடியேட்டர் கழுத்தில் வால்வு இல்லாத மூடி போட வேண்டும், ஏனென்றால் ஒரே அமைப்பில் இரண்டு அழுத்த வால்வு இருந்தால் எது பலவீனமோ அதுதான் ஆட்சி செய்யும். அலுமினிய டேங்க் வாங்கினால், அது அழுத்தம் தாங்கும் வகையா, வெறும் ரிசர்வ் வகையா என்று கேட்டு வாங்குங்கள். மட்டம் பார்க்கப் பக்கவாட்டில் கண்ணாடிக் குழாய் இல்லாத டேங்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். சூடான அமைப்பின் மூடியைத் திறந்து மட்டம் பார்க்கும் சூழ்நிலையே வரக்கூடாது.

செய்யக்கூடாத சில மாற்றங்கள்

வண்டி ஹீட் ஆகிறது என்று போனால் சில இடங்களில் முதல் வைத்தியமே தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்பார்கள். தெர்மோஸ்டாட்டுக்கு ஊர் வெயில் கணக்கே இல்லை, அதன் கணக்கு இன்ஜினின் சூடு. உள்ளே இருக்கும் மெழுகு சுமார் 82 டிகிரியில் இளகி வால்வைத் திறக்கும். அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடாக அதிக நேரம் பிடிக்கும், அதுவரை எரிபொருள் கூடுதலாகப் போகும், ஆயிலில் ஈரம் தங்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். சில இன்ஜின்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. திறக்கும்போதே குறுக்கு வழியை மூடும்படி தெர்மோஸ்டாட்டை அமைத்திருப்பார்கள். அதைக் கழற்றினால் கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும், பாரம் ஏறும்போது வண்டி முன்பைவிட அதிகமாக ஹீட் ஆகும்.

ஃபேனை சூட்டைப் பார்க்காமல் எப்போதும் ஓடும்படி டைரக்டாக இணைப்பதும் அப்படித்தான். நகர நெரிசலில் அது உதவுவது போலத் தெரியும். வேகமாக ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதும், ஃபேன் வெறுமனே பேட்டரியையும் தன் மோட்டாரையும் தின்னும். ஃபேன் தானாக ஓடவில்லை என்றால் ரிலே, சென்சார், ஃபியூஸ் என்று காரணத்தைத் தேடிச் சரிசெய்ய வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். பாத்திரத்தில் படியும் அதே உப்பு ரேடியேட்டரின் நரம்பு போன்ற குழாய்களிலும் படியும், சூட்டைக் கடத்தவிடாது. கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலப்பது பொதுவான வழி, பாட்டிலிலேயே கலந்து வருவதும் உண்டு. குளிரில் உறையாமல் இருப்பதற்கு மட்டுந்தான் கூலன்ட் என்று நினைத்து நம் ஊரில் அதைத் தவிர்க்கிறார்கள். அலுமினிய ஹெட்டும் இரும்பு பிளாக்கும் பித்தளை ரேடியேட்டரும் ஒரே தண்ணீரில் நனையும்போது அரிப்பு வரும். அதைத் தடுக்கும் ரசாயனம் கூலன்டில்தான் இருக்கிறது. ஆனால் கிளைக்காலைக் கூட்டக் கூட்டக் குளிர்ச்சி கூடும் என்பது தவறு, சூட்டைச் சுமப்பதில் தண்ணீரே அதைவிடச் சிறந்தது. நிறத்தை வைத்து வகையைத் தீர்மானிக்கவும் முடியாது, ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி நிறம் சேர்க்கிறது. வண்டியின் கையேட்டில் உள்ள வகையைப் பாருங்கள், இரண்டு வகையைக் கலக்காதீர்கள்.

பழைய கூலன்டை வாளியில் பிடித்து மூடி வையுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாய்கள் நக்கிவிடும், சிறிதளவே அவற்றைக் கொல்லப் போதும். குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னும் கவனம் தேவை.

வேலை முடிந்தபின் டப்பாவைப் படிப்பது

புதிதாக நிரப்பும்போது ஹீட்டரைத் திறந்துவைத்து, வண்டியின் முன்பக்கம் சற்று மேடாக இருக்கும்படி நிறுத்தி, மெதுவாக ஊற்ற வேண்டும். இன்ஜின் ஓடத் தொடங்கித் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும், மட்டம் இறங்க இறங்க ஊற்றி, அப்புறம் மூடியைப் போடலாம். டப்பாவில் குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் நடுவில் நிறுத்தி, மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் மட்டம் அந்தக் கோட்டைவிட ஏறியிருக்கும். மறுநாள் காலை, இன்ஜின் முழுக்க ஆறியபின், மறுபடி கோட்டுக்கு அருகில் இறங்கியிருக்க வேண்டும். முதல் சில நாட்களில் கோட்டுக்குக் கீழே கொஞ்சம் குறைந்தால் பயப்பட வேண்டாம், உள்ளே மிச்சமிருந்த காற்று வெளியேறி அந்த இடத்துக்குக் கூலன்ட் போயிருக்கிறது, ஊற்றிக்கொள்ளலாம். ஏறிய மட்டம் இறங்கவே இல்லை என்றால் மூடியின் மேல் வளையத்தையும் குழாயின் கிளிப்பையும் பாருங்கள். ஆறியபின் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கிடந்தால் உறிஞ்சும் வால்வு இறுகியிருக்கலாம், குழாய் அடைத்திருக்கலாம், அல்லது டப்பா மூடியின் துளை அடைபட்டிருக்கலாம். காற்றெல்லாம் வெளியேறிய பிறகும், இன்ஜின் ஓடும்போது டப்பாவுக்குள் விடாமல் குமிழி வந்துகொண்டே இருந்தால், எரிந்த வாயு கூலன்டுக்குள் கசிகிறதா, அதாவது ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா என்று சோதிக்க வேண்டும். அப்போது வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் எடுத்துச்செல்ல ஏற்பாடு செய்யுங்கள். டப்பாவை எத்தனை முறை மாற்றினாலும் அது தீராது.